வால்வுக்கு மீண்டும் பேட்டரி

1920-களின் நடுவில் அமெரிக்காவில் ஒரு வீட்டில் ரேடியோ இருந்ததென்றால், அதன் பக்கத்திலே மோட்டார் காருக்குரிய கனத்த 6 வோல்ட் ஆஸிட் பேட்டரி ஒன்றும், 45 வோல்ட் டிரை பேட்டரிக் கட்டிகள் இரண்டும் இருந்தே தீரவேண்டும். 201-ஏ என்னும் வால்வுகள் ஐந்து பொருத்திய செட் ஒன்று, அவற்றின் இழைகளைக் காய்ச்சுவதற்கு மாத்திரம் 1.25 ஆம்பியர் கறந்துவிடும்; ஆகவே ஆஸிட் பேட்டரியை அடிக்கடி சார்ஜ் செய்யத் தூக்கிக்கொண்டு போவதும், ஆஸிட் சிந்தி விரிப்பு பொத்தலாவதும் சங்கீதம் கேட்பதற்குச் செலுத்தவேண்டிய வரியாகவே இருந்துவந்தன. 1925-இல் டொராண்டோ நகரத்து எட்வர்ட் ராஜர்ஸ் பேட்டரி வேண்டாத ரேடியோவை விற்பனைக்குக் கொணர்ந்து, 1927-இல் ஆர்.சி.ஏ. கம்பெனியார் வீட்டு மின்சாரத்திலேயே எரியக்கூடிய 226, 227 வால்வுகளையும் வெளியிட்ட பிறகே ஜனங்களுக்கு அந்தச் சிரமத்திலிருந்து விமோசனம் பிறந்தது. அவ்வளவு பாடுபட்டு வெளியேற்றிய பேட்டரியை, நூறு வருஷம் கழித்து, இசைத்தட்டு ரசிகர்களில் ஒரு சாரார் தங்கள் வால்வுக் கருவிகளுக்காக விலை கொடுத்துத் திரும்ப அழைத்து வருகிறார்களென்றால், அது வெறும் பழமை மோகமாக இருக்கமுடியாது.

இசைத்தட்டின் மேல் ஓடும் முள்ளிலிருந்து புறப்படும் மின்னழுத்தம் எவ்வளவு அற்பமானது என்பதை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். சாதாரண மூவிங்-மேக்னட் கார்ட்ரிட்ஜ் தருவது ஏறத்தாழ 5 மில்லிவோல்ட். மூவிங்-காயில் வகையோ அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தராமல் நின்றுவிடுவதுண்டு. ஸ்பீக்கரை ஆட்டிவைக்கும் பவர் ஆம்ப்ளிஃபயரிடம் ஒப்படைப்பதற்கு முன் இதை நூறு மடங்காகவும் அதற்கு மேலாகவும் பெருக்குகிற பொறுப்பு ப்ரீ-ஆம்ப்ளிஃபயருக்கு உரியது. அது போதாதென்று, தட்டில் பதிக்கும்போது குறைத்து வைத்த கீழ் ஸ்தாயி ஒலிகளை, 1954 முதல் நிலைத்துவிட்ட ஆர்.ஐ.ஏ.ஏ. நியமப்படி, கேட்கும்போது அதே ப்ரீ-ஆம்ப்ளிஃபயர் உயர்த்திக் கொடுக்கவும் வேண்டும்: 1000 ஹெர்ட்ஸுக்குக் கிடைக்கும் பெருக்கத்தைப் போல் 50 ஹெர்ட்ஸுக்கு ஏறக்குறைய ஏழு மடங்கு. நம் வீட்டுச் சுவரில் ஓடும் மின்சாரமும் துல்லியமாக அதே 50 ஹெர்ட்ஸ் என்பதுதான் இங்கே வினை. டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து கசிகிற 50-உம், ரெக்டிஃபயரில் பிறக்கிற 100-உம் சங்கீதத்தின் கீழே ஓயாத உறுமலாகப் படிந்துவிடுகின்றன.

கர்நாடக சங்கீதம் கேட்பவருக்கு இதில் தனியாக ஒரு துன்பம் உண்டு. 5 கட்டையில் பாடுகிறவரின் ஆதார ஷட்ஜம் 196 ஹெர்ட்ஸ். அதற்கு ஒரு ஸ்தாயி கீழே 98. உறுமலோ 100-இலும் 200-இலும் நிற்கிறது. அதாவது அரை ஸ்வரத்தில் மூன்றில் ஒரு பங்கு தூக்கலாக, சுருதி சேராத இரண்டாவது தம்பூரா ஒன்றைப் பாடகரின் பின்னால் யாரோ மீட்டிக்கொண்டிருப்பதைப் போல. ஆலாபனையின் மௌனமான இடைவெளிகளில் அது காதை விட்டு அகலாது.

டிரான்ஸிஸ்டர் கருவிகளில் இந்த அசுத்தத்தைத் தடுக்கும் உபாயங்கள் மிகுதி. ஒற்றை ட்ரயோட் வால்வு அப்படியன்று. அதற்குத் தற்காப்பு மிகக் குறைவு. ஈ.சி.சி.83 வால்வுக்கு 100 கிலோ ஓம் பிளேட் ரெசிஸ்டர் போட்டு வேலை வாங்கினால், சப்ளையில் மிஞ்சியிருக்கும் அலையில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு நேராகச் சங்கீதத்தோடு கலந்து வெளியே வந்துவிடும். அந்த அலைக்கு உற்பத்தி ஸ்தானமே இல்லாமல் செய்வதுதான் பேட்டரி செய்யும் உபகாரம். இதைவிடப் பெரிய உபகாரம் ஒன்றும் உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை: சுவரோடு சம்பந்தமே இல்லாத பெட்டியானபடியால், ஒரு கருவியின் எர்த்துக்கும் மற்றொன்றின் எர்த்துக்கும் இடையே சுற்றி ஓடி உறுமலை வளர்க்கும் வளையம் அங்கே அறுந்துபோகிறது. மின்விசிறி ரெகுலேட்டரின் கரகரப்பும், சதுர அலை இன்வர்ட்டரின் இரைச்சலும் கம்பி வழியே நுழைய வாசல் அடைபட்டுவிடுகிறது.

ப்ரீ-ஆம்ப்ளிஃபயரைத் தாமே கட்டுகிறவர்கள் பெரும்பாலும் நாடுவது, ஆதியில் தொலைக்காட்சிப் பெட்டிகளின் ட்யூனருக்காகப் பிறந்த ஈ.சி.சி.88 வால்வை; 90 வோல்ட்டிலேயே அது மனநிறைவோடு வேலை செய்யும். 12 வோல்ட் சிறு ஈய பேட்டரிகள் எட்டைத் தொடராகக் கோத்தால் 96 வோல்ட். இரண்டு வால்வுகளின் ஹீட்டர்களைத் தொடராகச் சேர்த்தால் வேண்டுவது 12.6 வோல்ட்; நன்றாகச் சார்ஜ் ஆன 12 வோல்ட் பேட்டரி ஓய்வில் காட்டும் அளவும் கிட்டத்தட்ட அதுவே. இந்தப் பொருத்தத்தில் கைவினைஞனுக்கு ஒரு தனி ஆனந்தம். ஹீட்டர் உறிஞ்சுவது 0.365 ஆம்பியர்; 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரியானால் அதைப் பாதிக்கு மேல் வடித்துவிடாமலே ஒன்பது மணி நேரம் பாட்டுக் கேட்கலாம். கிரிட்டுக்கு அடியில் 1.5 வோல்ட் டார்ச் செல் ஒன்றை வைத்துவிட்டால், அதிலிருந்து மின்னோட்டம் அநேகமாக எடுக்கப்படுவதேயில்லை என்பதால், அது வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கும். பழைய ரேடியோக்காரர்கள் 'சி' பேட்டரி என்று சொன்னது இதைத்தான்.

அதற்காகப் பேட்டரியைத் தெய்வமாக்கிவிடுவதும் நியாயமன்று. 12 வோல்ட் பேட்டரி ஒன்றை வைத்துக்கொண்டு, உள்ளே ஸ்விட்சிங் கன்வர்ட்டரால் 150 வோல்ட் செய்துகொள்ளும் பெட்டிகளும் 'பேட்டரி வால்வு' என்ற பெயரோடு விலைபோகின்றன. முன்வாசலை அடைத்துக் கொல்லைவாசலைத் திறந்துவைத்த காரியம் அது. சி.டி. பிளேயர் தரும் சுமார் 2 வோல்ட்டை மட்டும் கையாளுகிற ப்ரீ-ஆம்ப்ளிஃபயருக்கு, எர்த் வளையத் தொல்லை இல்லாத வீட்டில், பேட்டரியால் கிடைக்கும் லாபம் சொற்பம். கவனமாகக் கட்டிய ரெகுலேட்டர் சப்ளை உறுமலைக் காதுக்கு எட்டாத அளவுக்கு அடக்கிவிடும் என்பதையும் மறுப்பதற்கில்லை. வால்வின் சொந்தச் சீறலையோ, தட்டினால் ஒலிக்கும் அதன் சுபாவத்தையோ எந்தப் பேட்டரியும் மாற்றாது. தவிர, 96 வோல்ட் நேர்மின்சாரம் விளையாட்டுப் பொருளுமன்று. சார்ஜ் ஆகும்போது அது 110-ஐத் தொடும். சுவர் ஸ்விட்சை அணைத்தாலும் அது அணையாது. ஆகையால் பேட்டரியின் முனையிலேயே ஃபியூஸ் வைக்காதவர் இந்தக் காரியத்தில் இறங்கவே கூடாது.

இந்தப் பளுவையும் அபாயத்தையும் குறைக்கிற புது வால்வு ஒன்று ஜப்பானிலிருந்து வந்திருக்கிறது. கோர்க் நிறுவனமும் நோரிடாகே நிறுவனமும் சேர்ந்து 2015-இல் அறிவித்த நியூட்யூப், ஒளிரும் எழுத்துக் காட்டிகளின் தொழில்நுட்பத்தில் செய்த ட்ரயோட். அதன் இரண்டு இழைகளில் ஒவ்வொன்றுக்கும் வேண்டுவது 0.7 வோல்ட், 17 மில்லி ஆம்பியர்; ஈ.சி.சி.88 ஹீட்டருக்குச் செலவாகும் சக்தியில் இரண்டு இழைகளுக்கும் சேர்த்து நூற்றில் ஒரு பங்குதான். சில வோல்ட் பிளேட் மின்னழுத்தத்திலேயே அது ஓடுவதால் கைக்கு அடங்கிய பெட்டியில் சின்னஞ்சிறு பேட்டரி போதும். ஆனால் விரலால் மெல்லச் சுண்டினாலும் மணிபோல் நெடுநேரம் ஒலிக்கிற குணம் அதற்கு உண்டு. எனவே வாங்குகிறவர் பேட்டரிக்கு மிச்சப்படுத்திய கவனத்தை, அதை மெத்தென்ற ரப்பரின் மேல் மிதக்கவிடுவதிலும் ஸ்பீக்கரிலிருந்து தள்ளி வைப்பதிலும் செலவிட வேண்டியிருக்கும்.