சைக்கிளில் நெடும் பயணமா? உடம்புச் சூட்டை மறவாதீர்!

விடுமுறை நாளில் சைக்கிளில் புறப்பட்டு, இருட்டுமுன் வீடு திரும்ப ஆசைப்படும் இளைஞர்கள் நம்மில் பலர். பாரிட் புந்தாரிலிருந்து பாகான் செராய், செமாங்கோல் வழியாகத் தைப்பிங் போய் வந்தால் 80 கிலோமீட்டருக்கு மேல். இதயத்துக்கும் நுரையீரலுக்கும் நல்லதுதான். ஆனால் வழியில் லோரிக்குப் பயப்படுகிற நாம், உடம்புக்குள் ஏறும் சூட்டை நினைத்துப் பார்ப்பதில்லை.

சூடு எப்படி ஏறுகிறது?

வெயில் பாதிக் காரணமே. மிதிக்கும்போது தசைகள் செலவிடும் சக்தியில் ஏறக்குறைய முக்கால் பங்கு சூடாகவே மாறுகிறது. அதை வெளியேற்றத்தான் உடம்பு வியர்க்கிறது. வியர்வை காற்றில் உலர்ந்தால்தான் உடம்பு குளிரும். சொட்டுச் சொட்டாகக் கீழே விழுந்தால் தண்ணீர்தான் நஷ்டம்.

கிரியான் வயல்வெளிச் சாலையில் நிழல் இல்லை. ஆனாலும் சைக்கிள் ஓடும் வேகத்தில் காற்று அடிக்கும், வியர்வை உலரும். "வெயிலே தெரியலண்ணே" என்பீர்கள். பிறகு செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் நுழைகிறீர்கள். நிழல் உண்டு, காற்று இல்லை. வேகம் குறைகிறது, மிதிக்கும் பாடு கூடுகிறது. டவுனுக்குள்ளும் இதே கதிதான். விளக்குக்கு விளக்கு நிற்க வேண்டும், தார் ரோடு அனல் கக்கும். அங்கேதான் சூடு மளமளவென்று ஏறும்.

என்ன செய்யலாம்?

காலை 7 மணிக்கெல்லாம் பசியாறிவிட்டுப் புறப்படுங்கள். பகல் 11 முதல் 3 வரை ஓய்வு எடுங்கள். தைப்பிங் ஏரிப் பூங்காவில் நல்ல மரநிழல் உண்டு. ஆனால் அது மழைக்குப் பேர்போன ஊர். இடி கேட்டால் மரத்தடியை விட்டுக் கட்டடத்துக்குள் போய்விடுங்கள்.

இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நாலைந்து மடக்குத் தண்ணீர் குடியுங்கள். நாள் முழுக்க வியர்த்தால் உப்பும் போகும். வெறும் தண்ணீரை மட்டும் அளவுக்கு மீறிக் குடித்தால் தலைவலி, வாந்தி வரும். ஆகவே நடுவில் உப்புச் சேர்த்த உணவும் சாப்பிடுங்கள். இரத்த அழுத்தம், நீரிழிவு உள்ளவர்கள் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். சிறுநீர் நல்ல மஞ்சளானால் தண்ணீர் போதவில்லை. 'தே ஓ' நிறத்தில் போனால் தசை சிதைந்திருக்கலாம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஆபத்து வந்தால்?

தலைசுற்றல், வாந்தி, தசைப்பிடிப்பு வந்தால் நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடியுங்கள். கூட வந்தவர் உளறினால், ஆள் தெரியாமல் விழித்தால், மயங்கி விழுந்தால் அது உயிர்போகும் வெப்பத் தாக்கு. உடம்புச் சூடு 40 டிகிரியைத் தாண்டியிருக்கலாம். "வேர்க்குதே, ஒண்ணுமில்ல" என்று ஏமாறாதீர்கள். வியர்த்துக்கொண்டே விழுபவர்களும் உண்டு.

"சூட்டு உடம்புல தண்ணி ஊத்தாதே, ஜன்னி கண்டுடும்" என்று தடுப்பவர்கள் இருப்பார்கள். கேட்காதீர்கள். 999க்கு அழைத்துவிட்டு, நிழலில் படுக்க வைத்து, சட்டையைக் கழற்றி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். ஐஸ் கிடைத்தால் கழுத்திலும் அக்குளிலும் வையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள். பனடோல் இந்தச் சூட்டைக் குறைக்காது. நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

தோழர்களே, இது சைக்கிளுக்கு மட்டும் சொன்னதில்லை. நாளைக் காலையில் செம்பனைக் குலை வெட்டும்போது பக்கத்து நிரைக்காரர் திடீரென்று உளறினாலும், ஓடிப்போய் முதலில் தண்ணீரை ஊற்றுங்கள்!