பழைய பெயர் ஏன் போக மறுக்கிறது?

நண்பரின் பழைய பவர்பாயின்ட் கோப்பை எடுத்து, எல்லா ஸ்லைடையும் மாற்றி, வேறு பெயரில் சேமித்தேன். அனுப்பிய பிறகுதான் கவனித்தேன்: ஆசிரியர் என்ற இடத்தில் இன்னும் நண்பர்தான் உட்கார்ந்திருக்கிறார்!

ஏன்? ஆபீஸ் 2007-இல் வந்த பிபிடிஎக்ஸ் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். பிரதி எடுத்து, பெயரின் கடைசியில் ஜிப் என்று மாற்றிப் பிரித்துப் பாருங்கள். ஸ்லைடுகள் ஒரு பக்கம், ‘டாக்பிராப்ஸ்’ என்ற ஃபோல்டர் இன்னொரு பக்கம். அதற்குள் ‘கோர்’ என்ற குட்டி எக்ஸ்எம்எல் கோப்பு. தலைப்பு, உருவாக்கியவர், கடைசியாகக் கைவைத்தவர், தேதிகள் எல்லாம் அங்கேதான். ‘சேவ் ஆஸ்’ கொடுத்தால், பெயர்களில் கடைசியாகத் திருத்தியவர் பெயர் மட்டுமே மாறும். உருவாக்கியவர் அப்படியே இருப்பார். ஒரு வேடிக்கை: நேரம் உலகப் பொது நேரப்படி பதிவாகிறது. நம் ஊர்க் காலை 10 மணி, அதில் 4.30.

மாற்றுவது எளிது. விண்டோஸ் பவர்பாயின்ட்டில் ‘ஃபைல்’, ‘இன்ஃபோ’ போய், ‘பிராப்பர்ட்டீஸ்’ என்பதைச் சொடுக்கி ‘அட்வான்ஸ்டு பிராப்பர்ட்டீஸ்’ திறவுங்கள். ‘சம்மரி’யில் பெயரை அழித்து எழுதலாம். ‘ஸ்டாடிஸ்டிக்ஸ்’ பார்க்க மட்டும். கோப்போடு எத்தனை நிமிடம் மல்லுக்கட்டினோம் என்பதும் அதில் தெரியும். லிபர் ஆபீஸ் இம்ப்ரெஸில் ‘ஃபைல்’, ‘பிராப்பர்ட்டீஸ்’ போனால் இந்த விவரங்களைப் பார்க்கலாம்.

பெயரே வேண்டாமென்றால் பவர்பாயின்ட்டில் ‘இன்ஸ்பெக்ட் டாக்குமென்ட்’ இருக்கிறது. பேச்சாளர் குறிப்புகளையும் அது துடைத்துவிடக்கூடும், பிரதியில் செய்யுங்கள்.