கேஸ் சிலிண்டருக்குச் சூடு காட்டலாமா?
ஃப்ரீஸர் வைத்திருக்கும் வணிகர்கள் கவனத்திற்கு

ராயபுரம் முதல் எண்ணூர் வரை ஃப்ரீஸர் இல்லாத மளிகைக் கடை இன்று அபூர்வம். பால், தயிர், ஐஸ்கிரீம், குளிர்பானம் விற்கும் சில்லறைக் கடைக்காரருக்கும், காசிமேட்டில் மீன் எடுப்பவருக்கும், துறைமுகத்தில் குளிர்சாதனக் கண்டெய்னரில் சரக்கு இறக்கும் மொத்த வியாபாரிக்கும் குளிர்ச்சிதான் முதல். இயந்திரம் நின்றுவிட்டால் சரக்கு கெடுமே என்று மெக்கானிக்கை நாம் அவசரப்படுத்துகிறோம். அந்த அவசரத்தில்தான் கேஸ் சீக்கிரம் இறங்கட்டும் என்று சிலிண்டருக்குச் சூடு காட்டும் வழக்கம் நுழைகிறது. நம் கடைக்குள் நடப்பதால் இதன் நன்மை தீமைகளை நாமே அறிந்திருப்பது நல்லது.

எதற்காகச் சூடு?

சிலிண்டருக்குள் கேஸ் பெரும்பாலும் திரவமாக இருக்கிறது. மேலே இருக்கும் ஆவியை இழுக்க இழுக்க, அடியில் உள்ள திரவம் கொதித்து ஆவியாகி, சிலிண்டரே குளிர்ந்துவிடுகிறது. வெளியே பனி பூப்பதைப் பலரும் பார்த்திருப்போம். குளிர்ந்தால் அழுத்தம் குறையும். கேஸ் மெதுவாக இறங்கும். ஆர்-134ஏ கேஸ் 30 டிகிரி செல்சியஸில் சுமார் 97 பி.எஸ்.ஐ. அழுத்தம் காட்டும், 0 டிகிரியில் சுமார் 28 மட்டுமே.

குளிர் நாடுகளில் சர்வீஸ் வண்டிகளில் இதற்கென்றே ஹீட்டர் பிளாங்கெட் வைத்திருக்கிறார்கள். சிலிண்டரைச் சுற்றிக் கட்டும் மின்சாரச் சூட்டுப் போர்வை அது. குறிப்பிட்ட சூட்டுக்கு மேல் போகாமல் தானே நிறுத்திக்கொள்ளும். 32 டிகிரியில் நின்றுவிடும் வகையும் உண்டு. நம் ஊர் மே மாதப் பகலில் அது சூடேறவே ஏறாது! சென்னையில் இதற்குத் தேவை எவ்வளவு குறைவு என்பது இதிலிருந்தே விளங்கும்.

ஒரு கடை ஃப்ரீஸருக்குச் சில நூறு கிராம் கேஸ் போதும். ஆர்-600ஏ பயன்படுத்தும் வீட்டு ஃப்ரிட்ஜுக்குச் சில பத்து கிராம்தான். இதற்குச் சூடே வேண்டாம்; தராசில் சிலிண்டரை வைத்து எடை பார்த்து, பொறுமையாக ஏற்றினால் போதும். எடையின் அருமை நமக்குத் தெரியாததா? ஆர்-404ஏ போன்ற கலவைக் கேஸ்களைத் திரவமாகவே ஏற்ற வேண்டும் என்பதால், அவற்றில் சிலிண்டர் குளிர்ந்துபோகும் தொல்லையும் குறைவு.

சூடு மிஞ்சினால்

ஆர்-22 கேஸ் 30 டிகிரியில் சுமார் 158 பி.எஸ்.ஐ. இருப்பது 50 டிகிரியில் சுமார் 267 ஆகிவிடும். அதைவிடப் பெரிய ஆபத்து, அளவுக்கு மேல் நிரப்பிய சிலிண்டர். திரவம் சூட்டில் விரியும். அதற்காகத்தான் 80 சதவீதத்துக்கு மேல் நிரப்பக் கூடாது என்கிறார்கள். வாய்வரை எண்ணெய் ஊற்றி இறுக மூடிய டின்னை அடுப்பருகே வைப்பது போலத்தான் இதுவும். விரிய இடமில்லாதபோது சில டிகிரி சூடே சிலிண்டரைப் பிளந்துவிடும்.

ஆகவே கேஸ் வெல்டிங் டார்ச், ஸ்டவ், கொதிக்கும் நீர் எதையும் சிலிண்டரின் பக்கத்தில் அனுமதிக்கக் கூடாது. ஓரிடத்தில் படும் தீச்சுவாலை இரும்பையே பலவீனப்படுத்தும். கட்டாயம் சூடு வேண்டுமென்றால் கை பொறுக்கும் வெதுவெதுப்பான நீர், அல்லது முறையான பிளாங்கெட். இரண்டே வழிதான்.

பிளாங்கெட் வாங்குவோர் பார்க்க வேண்டியவை

1. தெர்மோஸ்டாட் கட்டாயம் இருக்க வேண்டும். சிலிண்டரின் சூடு 50 டிகிரியைத் தாண்டவே கூடாது.

2. 230 வோல்ட்டுக்கானதா என்று பார்க்கவும். அமெரிக்காவுக்கான 110 வோல்ட் சரக்கை நம் பிளக்கில் செருகினால் நான்கு மடங்குக்கு மேல் சூடு கக்கும்.

3. சிலிண்டர் அளவுக்குப் பொருந்த வேண்டும். ஒன்றின் மேல் ஒன்று படியும்படி சுற்றக் கூடாது.

4. எர்த் உள்ள பிளக்கில் மட்டும் மாட்டவும். ஆள் பக்கத்தில் இல்லாமல் எரிய விடக் கூடாது.

5. ஆர்-600ஏ, ஆர்-290 ஆகியவை தீப்பற்றும் கேஸ்கள். அவற்றுக்குச் சாதாரண பிளாங்கெட் ஆகவே ஆகாது.

வண்டியிலும் கவனம்

நம் ஊரில் சர்வீஸ் வண்டிக்குப் பகை குளிர் அல்ல, வெயில். துறைமுகச் சாலையில் மணிக்கணக்கில் நெரிசலில் நிற்கும் மூடிய வண்டிக்குள் சூடு 50 டிகிரியைத் தாண்டுவது எளிது. சிலிண்டரை நிமிர்த்தி நிறுத்திக் கட்டி, வால்வு மூடியைப் போட்டு, காற்றோட்டத்தோடு கொண்டுசெல்ல வேண்டும். வண்டி ஓடும்போது பிளாங்கெட் கழற்றியே இருக்க வேண்டும். ஒருமுறை பயன்பாட்டுக்கான சிலிண்டரில் மறுபடி கேஸ் நிரப்பி வருபவரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

மணம் எச்சரிக்காது

2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பம் அருகே, கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. நெடி தாங்காமல் மக்கள் வீடுகளை விட்டு வெளியேறினர். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அம்மோனியாவுக்கு மூக்கைத் துளைக்கும் நெடி உண்டு. நம் ஃப்ரீஸர் கேஸ்களுக்கு அப்படி எச்சரிக்கும் நெடி கிடையாது. அவை காற்றைவிடக் கனமானவை. தரையோடு தங்கி, சிறிய கடையில் மூச்சுக்கு இடமில்லாமல் செய்துவிடும். ஆர்-22, ஆர்-134ஏ கேஸ்கள் தீயில் பட்டால் நச்சுப் புகையாகவும் மாறும்.

எனவே கேஸ் வேலை நடக்கும்போது ஷட்டரை முழுதும் திறந்து வையுங்கள். சாமி விளக்கையும் ஊதுவத்தியையும் அணைத்துவிடுங்கள். என்ன கேஸ் என்று ஃப்ரீஸரின் பின்னால் உள்ள பட்டயத்தில் பார்த்து, கடை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கசிவு என்று சந்தேகம் வந்தால் ஸ்விட்சைத் தொடாமல் வெளியே வாருங்கள். அவசர உதவிக்கு 112. திரவம் தோலில் பட்டால் தேய்க்காமல் வெதுவெதுப்பான நீர் ஊற்றி, டாக்டரிடம் காட்டுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, மெக்கானிக்கிடம், “பத்து நிமிஷம் ஆனாலும் பரவாயில்லை, சூடு காட்டாதீங்க” என்று சொல்ல வேண்டியவர் கடைக்காரர்தான். கேஸ் ஏறும் வரை பாலையும் ஐஸ்கிரீமையும் ஐஸ் பெட்டியில் மாற்றி வைத்தால் சரக்கும் கெடாது. சரக்கு போனால் அடுத்த வாரம் ஈட்டிவிடலாம். கடைப் பையனின் உயிரை எந்த லாபத்திலும் ஈடுகட்ட முடியாது.