குசினியிலேயே இருக்கிறது துப்புரவுப் பொருள்



1990களில், பொருளாதாரத் தடை இருந்த காலத்தில், யாழ்ப்பாணத்தில் நாங்கள் பனம்பழத்தால் உடுப்புத் தோய்த்தோம். பழத்தைத் தண்ணீரில் பிசைந்தால் நுரை எழும். பனங்களியில் கசப்பைத் தரும் சப்போனின் என்ற பொருளே அந்த நுரைக்குக் காரணம். காயப்போட்ட உடுப்பை மாடு சப்பாமல் காவலும் இருந்தோம்! 2022இல் சவர்க்காரமும் சலவைத்தூளும் கைக்கெட்டாத விலைக்கு ஏறியபோது, சட்டி பானை கழுவக் குசினிப் பொருள்களையே மறுபடி எடுத்தேன். ஒருத்தியின் உழைப்பில் ஓடும் குடும்பத்தில் மிச்சமாகும் பணம் பிள்ளையின் கொப்பிக்கு உதவும்.

எந்த அழுக்குக்கு எது என்று தெரிந்தால் போதும். எண்ணெய்க்குக் காரம்; படிவுக்கும் களிம்புக்கும் புளிப்பு.

எண்ணெய்ச் சட்டி: நன்றாக ஆறிய விறகுச் சாம்பலை அரித்து, ஈரத் தும்பால் தொட்டுத் தேயுங்கள். சாம்பலின் காரம் எண்ணெயைப் பிரித்துவிடும். பிளாஸ்டிக் எரித்த சாம்பல் கூடாது. அலுமினியப் பாத்திரத்தைக் காரம் அரிக்கும். அதற்குப் பிழிந்த தேசிக்காய்த் தோல் நல்லது. காஸ் அடுப்பு வைத்திருப்பவர்கள் சாம்பலுக்குப் பதிலாக அப்பச்சோடா பாவிக்கலாம்.

கேத்தல்: குடாநாட்டுக் கிணற்றுநீர் சுண்ணக்கல்லில் ஊறி வருவதால் கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவு கட்டும். வினாகிரியும் தண்ணீரும் சரிபாதி விட்டுக் கொதிக்கவைத்து, அரை மணி நேரம் விடுங்கள். படிவு கரைந்துவிடும். பிறகு நல்ல தண்ணீரை இரண்டு தடவை கொதிக்கவைத்து ஊற்றுங்கள்.

பித்தளை விளக்கு: பழப்புளியுடன் சிறிது உப்புச் சேர்த்துத் தேய்த்து, உடனே கழுவி ஈரம் போகத் துடையுங்கள்.

சீமெந்துத் தரைக்குத் தேசிக்காயும் வினாகிரியும் வேண்டாம், தரை அரிபடும். அப்பச்சோடாவையும் வினாகிரியையும் கலந்து போத்தலில் அடைக்கவும் வேண்டாம். ஒன்றின் வலுவை மற்றது போக்கிவிடும். வாயு நிறைந்து போத்தலும் வெடிக்கலாம்.

இன்னொன்றை மறக்கவே கூடாது. குளோரினுடனோ பிளீச்சிங் பவுடருடனோ தேசிக்காய், வினாகிரி, புளி எதையும் சேர்க்காதீர்கள். நெஞ்சை அடைக்கும் நச்சுவாயு வரும். கதவை அடைத்துக்கொண்டு மலசலகூடம் கழுவும்போது உயிருக்கே ஆபத்தாகலாம். தவறிக் கலந்துவிட்டால், உடனே வெளியே காற்றுக்கு வந்துவிடுங்கள்.

சாம்பலும் புளியும் அழுக்கை அகற்றும். நோய்க்கிருமிகளை முழுதாகக் கொல்லா. வீட்டில் வயிற்றோட்டம் வந்தாலோ, வெள்ளம் கிணற்றுக்குள் புகுந்தாலோ குளோரின்தான் வேண்டும். எவ்வளவு இடுவது என்பதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். கை கழுவச் சவர்க்காரக் கட்டி ஒன்று எப்போதும் வீட்டில் இருக்கட்டும். மிச்சம் பிடிப்பதை அதில் பிடிக்காதீர்கள்.

செய்து வைப்பதைக் குடிநீர்ப் போத்தலில் ஊற்றாமல், பெயர் எழுதி, பிள்ளைகளுக்கு எட்டாத தட்டில் வையுங்கள். அயலிலுள்ள சகோதரிகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.