கன்றைக் கடித்தது யார்?

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. பண்ருட்டிப் பக்கம் தாத்தா காலத்துப் பலா மரங்கள் வேரோடு சாய்ந்தன. பிறகு ஊர் ஊராகப் புதுக் கன்று வைத்தார்கள். வைத்ததெல்லாம் மரமாகிவிடவில்லை. தண்ணீர் போதவில்லை, வெயில் என்பார்கள். அதற்கும் முன்னால் ஆடு, மாடு, முயலின் வாய் இருக்கிறது.

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகவே பேசலாம். கன்று கடிபட்டால் உடனே வேலி தேடி ஓடாமல், குனிந்து காயத்தைப் பாருங்கள். தரையிலிருந்து ஒன்றரை அடிக்குள், கத்தியால் சீவியது போலச் சாய்வாக வெட்டுப்பட்டிருந்தால் முயல். முந்திரிக்காட்டை ஒட்டிய கொல்லையில் முதலில் அதைத்தான் சந்தேகப்பட வேண்டும். நுனி கிழிந்து நார் நாராகத் தொங்கினால் ஆடு, இல்லையேல் மாடு. மண்ணைப் பறித்து அடித்தண்டைக் கொறித்திருந்தால் பெருச்சாளி. தென்னங்கன்றை அது விடாது.

இலை போனால் துளிர்க்கும். பட்டை போனால்தான் ஆபத்து. இலை தயாரிக்கும் உணவு பட்டையின் உட்பக்கம் வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. சுற்றிலும் வளையமாக உரிந்துவிட்டால் அந்த வழி அறுந்தது. மேலே கொஞ்ச நாள் பச்சையாகத் தெரியும்; வேர் பட்டினியில் சாகும். பிறகு காயத்துக்குக் கீழே துளிர் வந்தால்தான் உண்டு. அதுவும் ஒட்டுக்குக் கீழிருந்து வந்தால், பாலூர் 1 என்று நீங்கள் வாங்கி வந்த ரகமாக இருக்காது.

முயலுக்கு 2 அடி உயரக் கோழிவலை போதும். அடியை அரை அடி மண்ணில் புதையுங்கள். ஆட்டுக்கு இது பற்றாது. பலா இலை அதற்கு உயிர். பின்னங்காலில் எழுந்தால் ஐந்தடிக்கு மேல் எட்டும். அதனால் ஆள் உயர மூங்கில் கூண்டு, தலையை விட்டாலும் தண்டு எட்டாத அகலத்தில். காசில்லையென்றால் வேலிக்காத்தான் முள்ளை இடைவெளியில்லாமல் சுற்றுங்கள். இலையில் சாணிக் கரைசல் தெளித்தாலும் ஆடு முகம் திருப்பிக்கொள்ளும். மழை பெய்தால் திரும்பத் தெளிக்க வேண்டும். கடலூர் முதுநகர், பரங்கிப்பேட்டை போன்ற கடலோரத்தில் இருப்பவர்கள் பழைய மீன்வலை சுற்றலாம். தரையில் தளர்வாக விடாதீர்கள், பாம்பும் உடும்பும் சிக்கிச் சாகும்.

முயலுக்குக் கண்ணி வைப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். காட்டுப்பன்றிக்கென்று கரண்ட் கம்பி இழுப்பது அதைவிடக் கொடுமை. அதில் மனிதர்களே செத்திருக்கிறார்கள்.

சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரத்து அலையாத்திக் கன்றுகளுக்கும் இதே பாடுதான். அலையாத்தி இலை மாட்டுக்கு நல்ல தீனி. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் வாய்க்கால் வெட்டி அங்கே காட்டை மீட்டபோது, மேய்ச்சலையும் கவனிக்க வேண்டியிருந்தது.

கையில் 10 கன்றுக்குப் பணமிருந்தால் 4 கன்று வாங்குங்கள், மீதிக்குக் கூண்டு போடுங்கள். நுனி ஆட்டுக்கு எட்டாத உயரம் போய், தண்டு தடிக்கும்வரை தயவுசெய்து கூண்டைப் பிரிக்காதீர்கள்.