எழுத ஒரு மேசை போதும், கேமரா வேண்டாம்! - 'க்ரைம் குயின்' அகதா கிறிஸ்டியின் வேலை நாள்கள் இப்படித்தான்

லண்டன் சவாய் ஹோட்டல். 'தி மவுஸ்டிராப்' நாடகத்துக்கு வெற்றி விருந்து. போட்டோ எடுக்கணும், கொஞ்சம் முன்னாடியே வந்துடுங்க என்று சொல்லியிருந்ததால், சீக்கிரமே தனியாக வந்து நிற்கிறார் ஒரு பெண்மணி. 'இன்னும் நேரம் இருக்கு, இப்போ யாரும் உள்ளே போக முடியாது' என்று வாசலிலேயே நிறுத்திவிடுகிறார் அங்கிருந்த ஊழியர்.

'இந்த நாடகத்தை எழுதினதே நான்தான்' என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். கதவு திறந்திருக்கும். ஆனா, அந்த ஒரு வரி அவர் வாயில் வரவில்லை. பேசாமல் திரும்பி, ஹோட்டலுக்குள் அங்கும் இங்கும் நடந்துகொண்டிருந்தார். அப்புறம் விருந்து நடத்தியவர்களே தேடிவந்து அழைத்துப்போனார்கள்.

அந்தப் பெண்மணிதான் அகதா கிறிஸ்டி. 66 துப்பறியும் நாவல்கள் எழுதியவர். ஹெர்குல் பொய்ரோவையும் மிஸ் மார்ப்பிளையும் உருவாக்கியவர். இந்தச் சம்பவத்தைத் தன் சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார். காரணமாக அவர் சொல்வது, தன்னுடைய கூச்சத்தை.

இன்று புத்தகம் எழுதினால் மட்டும் போதாது. ரீல்ஸ் போடணும், லைவ் வரணும், 'என் ரைட்டிங் டெஸ்க் இதுதான்' என்று காட்டணும். இது எதுவுமே செய்யாத ஒருவர் அரை நூற்றாண்டுக்கு மேல் எப்படித் தாக்குப்பிடித்தார்? அவருடைய வேலை, பப்ளிசிட்டி, வீடு மூன்றும் எப்படி ஒன்றோடொன்று மோதின? கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

முதல் புத்தகம்... கையில் வந்தது 25 பவுண்டு!

முதல் உலகப் போர் சமயம். இங்கிலாந்தின் டார்க்கி நகரில் ஒரு மருத்துவமனையின் மருந்துப் பிரிவில் வேலை பார்த்தார் அகதா. சுற்றிலும் விஷ பாட்டில்கள். 'துப்பறியும் கதையெல்லாம் உன்னால எழுத முடியாது' என்று அக்கா மேட்ஜ் முன்பு ஒருமுறை சவால் விட்டிருந்தார். அந்தச் சவாலும் இந்த பாட்டில்களும் சேர்ந்து உருவானதுதான் 'தி மிஸ்டீரியஸ் அஃபேர் அட் ஸ்டைல்ஸ்'.

வேலைக்கு நடுவே எழுதியவருக்குப் பாதியில் கதை சிக்கிக்கொண்டது. விடுமுறை எடுத்துக்கொண்டு டார்ட்மூர் பகுதியில் ஒரு ஹோட்டலுக்குப் போனார். காலையில் எழுத்து. மதியத்துக்கு மேல் ஆளில்லாத மேட்டுநிலத்தில் நீண்ட நடை. நடக்கும்போதே கேரக்டர்களின் வசனங்களைத் தனக்குத்தானே சத்தமாகப் பேசிப் பார்ப்பார். மறுநாள் காலையில் அது பேப்பருக்கு வந்துவிடும்.

பல பதிப்பகங்கள் நிராகரித்த பிறகு, 1920-ல் அந்த நாவல் வெளியானது. ஒப்பந்தத்தைச் சரியாகப் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருந்தார். புத்தகம் குறிப்பிட்ட எண்ணிக்கையைத் தாண்டி விற்றால்தான் ராயல்டி. கூடவே, அடுத்த ஐந்து புத்தகங்களும் அதே பதிப்பகத்துக்குத்தான். கடைசியில், தொடர்கதை உரிமையில் அவர் பங்காகக் கையில் வந்தது வெறும் 25 பவுண்டு!

அடி பட்டவர் கத்துக்கிட்டார். எட்மண்ட் கார்க் என்ற ஏஜென்ட்டைப் பிடித்தார். ஒப்பந்தம், பேரம், தலைவலி எல்லாம் அவர் பொறுப்பு. முதல் ஒப்பந்தம் முடிந்ததும் காலின்ஸ் பதிப்பகத்துக்கு மாறியவர், கடைசிவரை அங்கேயே இருந்தார். இடையில் 'தி மேன் இன் தி ப்ரவுன் சூட்' கதையைத் தொடராக வெளியிட 'ஈவினிங் நியூஸ்' நாளிதழ் 500 பவுண்டு கொடுத்தது. அந்தக் காசில் ஒரு மோரிஸ் கௌலி கார் வாங்கினார். எழுத்து சோறு மட்டுமல்ல, காரும் போடும் என்று அவருக்குப் புரிந்தது அப்போதுதான்.

1926: பப்ளிசிட்டி வீட்டுக்குள் நுழைந்த ஆண்டு

அந்த ஆண்டில்தான் 'தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்' வெளியாகிப் பரபரப்பாகப் பேசப்பட்டது. அதே ஆண்டில்தான் அம்மா இறந்தார். அம்மாவின் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்த துக்கம் ஆறும் முன்பே, கணவர் ஆர்ச்சி தனக்கு வேறொரு பெண் மீது காதல் என்று சொன்னார்.

டிசம்பர் 3 இரவு. காரை எடுத்துக்கொண்டு கிளம்பிய அகதா காணாமல் போனார். மறுநாள் கில்ஃபோர்ட் அருகே கார் மட்டும் கிடைத்தது. போலீஸ், ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள், விமானம் என்று தேடல். ஷெர்லாக் ஹோம்ஸை எழுதிய ஆர்தர் கோனன் டாயில், அகதாவின் கையுறையை ஆவிகளோடு பேசுகிறவரிடம் கொடுத்துக் கேட்ட கதையும் நடந்தது.

11 நாள்கள் கழித்து, ஹாரோகேட் நகரில் ஒரு ஹோட்டலில் கண்டுபிடிக்கப்பட்டார். கணவரின் காதலியுடைய குடும்பப் பெயரில் ரூம் போட்டிருந்தார். நினைவு தப்பிவிட்டது என்று குடும்பம் சொன்னது. 'புத்தகம் விக்கிறதுக்காகப் போட்ட டிராமா' என்று எழுதின பத்திரிகைகளும் உண்டு.

யோசித்துப் பாருங்கள். ஒரு பெண்ணின் அம்மா இறந்திருக்கிறார், திருமணம் உடைகிறது. அது ஊருக்கே சீரியல் ஆகிறது. இந்த அனுபவத்துக்குப் பிறகுதான் பத்திரிகைக்காரர்களும் கூட்டமும் அவருக்கு அலர்ஜி ஆனது. பின்னாளில் சுயசரிதை எழுதியபோதும் அந்த 11 நாள்களைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. சவாய் ஹோட்டல் வாசலில் அடைத்துக்கொண்ட குரலுக்குப் பின்னால் கூச்சத்தோடு இந்தக் காயமும் இருந்திருக்கலாம்.

'மூடு இல்லை' என்று சொல்ல முடியாத புத்தகம்

சிங்கிள் மதர். கையில் பெரிய பணம் இல்லை. அடுத்த புத்தகம் கொடுத்தே ஆகணும். 1927 தொடக்கத்தில் மகள் ரோசலிண்டையும் செக்ரட்டரி சார்லட் ஃபிஷரையும் கூட்டிக்கொண்டு கேனரி தீவுகளுக்குப் போனார். அங்கே உட்கார்ந்து 'தி மிஸ்டரி ஆஃப் தி ப்ளூ டிரெய்ன்' நாவலை இழுத்துப் பிடித்து எழுதினார். இவர் சொல்லச் சொல்ல சார்லட் எழுதுவார். நடுவில் மகள் வந்து நிற்பாள், யோசனை அறுந்துபோகும்.

அந்தப் புத்தகம் அவருக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. ஆனா, தன் வாழ்க்கையின் திருப்புமுனை அதுதான் என்கிறார். பொழுதுபோக்காக எழுதியவர், அதைத் தொழிலாகச் செய்பவராக மாறிய இடம். பிடிக்காதபோதும் எழுதணும், சுமாராக வருது என்று தெரிந்தும் எழுதணும், அதுதான் தொழில் என்று அவர் புரிந்துகொண்டது அந்த நாள்களில்தான்.

நல்ல மனநிலையில் எழுதின அக்ராய்டைவிட, அழுதுகொண்டே முடித்த ப்ளூ டிரெய்ன்தான் அவரைத் தொழில்முறை எழுத்தாளர் ஆக்கியது. ஆனா, இதை 'கஷ்டம் வந்தா கலை வளரும்' என்று ரொமான்டிசைஸ் செய்ய வேண்டாம். அது வாடகைக்கும் மகளுக்கும் எழுதப்பட்ட புத்தகம். அவ்வளவுதான்.

'நீங்க எழுதுற இடத்தைக் காட்டுங்க!'

பேட்டிக்கு வரும் பத்திரிகையாளர்கள் கேட்கும் வழக்கமான கேள்வி இது. அகதாவுக்கு இது தர்மசங்கடம். ஏன்னா, ரொம்ப காலம் அப்படி ஒரு இடமே கிடையாது. ஆடாத ஒரு மேசை, ஒரு டைப்ரைட்டர், இவ்வளவுதான் தேவை. பெட்ரூமில் முகம் கழுவும் பாத்திரம் வைக்கும் பளிங்கு மேசையில் எழுதுவார். இல்லாவிட்டால், ஒருவேளைச் சாப்பாட்டுக்கும் அடுத்தவேளைச் சாப்பாட்டுக்கும் நடுவே டைனிங் டேபிளில் எழுதுவார். நீ எப்போ எழுதுறேன்னே தெரியலையே என்று நண்பர்கள் கேட்பார்களாம்.

தனக்கென்று ஓர் எழுத்து அறை அமைந்தது, 1930-களில் லண்டன் ஷெஃபீல்ட் டெரஸ் வீட்டில். பியானோ, பெரிய மேசை, சோபா, நாற்காலிகள், அவ்வளவுதான். போரில் அந்த வீடும் குண்டுவீச்சில் சேதமானது.

கதையை யோசிக்கத் தனி இடமே தேவைப்படவில்லை. பாத் டப்பில் படுத்து ஆப்பிள் கடித்துக்கொண்டே பிளாட் யோசிப்பது அவருடைய பிரபலமான பழக்கம். தோன்றியதைக் கையில் கிடைத்த நோட்டில் கிறுக்கி வைப்பார். அப்படி 73 நோட்டுகள் மிஞ்சியிருக்கின்றன. அதில் யாரை யார் கொல்வது என்ற திட்டத்துக்குப் பக்கத்திலேயே வீட்டுக்கு வாங்க வேண்டிய பொருள்களின் லிஸ்ட்டும், சீட்டாட்ட ஸ்கோரும் இருக்கும். வேலையும் வீடும் ஒரே பக்கத்தில்!

1930-ல் தொல்லியல் ஆய்வாளர் மேக்ஸ் மல்லோவனைத் திருமணம் செய்தார். அவரோடு சிரியா, இராக் என்று அகழாய்வு முகாம்களுக்குப் போவார். போட்டோ எடுப்பது, பழங்காலத் தந்தச் சிற்பங்களைத் தன் ஃபேஸ் க்ரீம் தொட்டு மெதுவாகச் சுத்தம் செய்வது எல்லாம் இவர் வேலை. இராக்கின் நிம்ரூத் முகாமில் அவருக்கென்று மண் செங்கல்லில் ஒரு சின்ன அறை. பெயர் 'பெய்த் அகதா'. அதாவது, அகதாவின் வீடு. 1950-ல் சுயசரிதையை எழுத ஆரம்பித்தது அங்கேதான்.

இவ்வளவு எழுதியும், படிவங்களில் 'தொழில்' என்ற கட்டத்தில் அவர் எழுதியது 'திருமணமான பெண்' என்றுதான். எழுத்தாளர் என்று போடத் தோன்றவே இல்லையாம். அந்தக் காலத்து நடுத்தரவர்க்கப் பெண்ணின் மனநிலை அது. அதே சமயம், வேலையாள்கள், செக்ரட்டரி, குழந்தையைப் பார்த்துக்கொள்ள அம்மா, அக்கா என்று அவருக்கு நிறைய கைகள் உதவின என்பதையும் மறக்கக் கூடாது. 1922-ல் கணவரோடு 10 மாத உலகப் பயணம் போனபோது, குட்டி ரோசலிண்டைப் பார்த்துக்கொண்டது அவர்கள்தான்.

அப்போ புத்தகம் எப்படி வித்துச்சு?

அவர் பேசவில்லை, ஆனா அவரைச் சுற்றி இருந்தவர்கள் பேசினார்கள். நாவல்கள் முதலில் பத்திரிகைகளில் தொடராக வரும். அதுவே பெரிய விளம்பரம். 'கிறிஸ்துமஸுக்கு ஒரு கிறிஸ்டி' என்று பதிப்பகம் பண்டிகை சீசனோடு புத்தகத்தைக் கோத்தது. 1952-ல் தொடங்கிய 'தி மவுஸ்டிராப்' நாடகமும், சினிமாக்களும் மீதியைப் பார்த்துக்கொண்டன. அவர் செய்தது ஒன்றுதான். தவறாமல் அடுத்த புத்தகத்தைக் கொடுத்தார்.

பப்ளிசிட்டி மீதான எரிச்சலை ஒரு கேரக்டர் வழியாகத் தீர்த்துக்கொண்டார். அரியாட்னி ஆலிவர் என்ற க்ரைம் எழுத்தாளர் அவருடைய நாவல்களில் அடிக்கடி வருவார். ஆப்பிள் பிரியை. தான் உருவாக்கின ஃபின்லாந்து துப்பறிவாளரையே சகிக்க முடியாமல் புலம்புவார். பொய்ரோவோடு அகதாவுக்கு இருந்த அதே சலிப்பு!

புகழ் வந்ததும் பண நிம்மதி வந்ததா என்றால், அதுவும் இல்லை. அமெரிக்க வருமானம் மீதான வரிப் பிரச்னை பல ஆண்டுகள் துரத்தியது. 1955-ல் 'அகதா கிறிஸ்டி லிமிடெட்' என்ற கம்பெனி உருவானது. தன் பெயரில் உள்ள கம்பெனியில் சம்பளம் வாங்கும் ஊழியர் ஆனார்.

வீட்டுக்காக எழுதி வைத்த இரண்டு புத்தகங்கள்

இரண்டாம் உலகப் போரில் லண்டன் மீது குண்டுகள் விழுந்துகொண்டிருந்தன. அகதா மறுபடியும் ஒரு மருத்துவமனையின் மருந்துப் பிரிவில் வேலை பார்த்தார். மீதி நேரத்தில் எழுதினார். ஒரே கதையில் சலிப்பு வராமல் இருக்க, இரண்டு நாவல்களை ஒரே சமயத்தில் மாற்றி மாற்றி எழுதியதும் அப்போதுதான்.

தான் இறந்துவிட்டால் குடும்பத்துக்கு என்ன வழி? போர்க் காலத்தில் இரண்டு நாவல்களை எழுதி முடித்து, பத்திரமாகப் பூட்டி வைத்தார். பொய்ரோ சாகும் 'கர்ட்டன்' மகளுக்கு. மிஸ் மார்ப்பிள் வரும் 'ஸ்லீப்பிங் மர்டர்' கணவருக்கு. தன் மறைவுக்குப் பிறகு விற்றுக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. எல்.ஐ.சி பாலிசி மாதிரிதான்.

ஆனா, முதுமையில் புதுப் புத்தகம் எழுத உடம்பு ஒத்துழைக்காதபோது, 1975-ல் 'கர்ட்டன்' வெளியே வந்தது. பொய்ரோ இறந்த செய்தியை 'நியூயார்க் டைம்ஸ்' முதல் பக்கத்தில், நிஜ மனிதருக்குப் போடுவதுபோல இரங்கல் செய்தியாகவே வெளியிட்டது. உலகமே பேசியது.

வாலிங்ஃபோர்ட் அருகே தன் வீட்டில் அமைதியாக இருந்தார் அகதா. அடுத்த சில மாதங்களில், 1976 ஜனவரி 12 அன்று, அதே வீட்டில் 85 வயதில் காலமானார். 'ஸ்லீப்பிங் மர்டர்' அந்த ஆண்டே வெளியானது.