குச்சிக்கிழங்கின் கூப்பாடு

குச்சிக்கிழங்குக் காட்டில் ஆடு நுழைந்துவிட்டால் சேலத்துக்காரர்கள் பதறி ஓடுவது பயிருக்காக மட்டுமல்ல, ஆட்டுக்காகவும்தான். குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியின் இலையை வயிறு முட்ட மேய்ந்த ஆடு பிழைப்பது அரிது.

ஆட்டைக் கொல்லும் விஷம் இலையில் தயாராக இருப்பதில்லை. லினமாரின் என்ற பொருள் செல்லுக்குள் ஒரு பையில் கிடக்கிறது. அதை உடைக்கும் நொதி செல்சுவரில் இருக்கிறது. வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் மென்றால்தானே சிவக்கும்? அதுபோல, இலையை மெல்லும்போதுதான் இவை இரண்டும் கலந்து ஹைட்ரஜன் சயனைடு பிறக்கிறது.

ஆனால் மரவள்ளி மாவுப்பூச்சி மெல்லுவதே இல்லை. மயிரிழை போன்ற ஊசிவாயைத் தண்டுக்குள் செலுத்திச் சாற்றை உறிஞ்சுகிறது. செல்கள் அதிகம் நசுங்காததால் விஷப்பொறி அதனிடம் பலிப்பதில்லை. அது உறிஞ்சிய நுனிக்கொழுந்து சுருண்டு கொத்தாகிவிடும். ஆண் துணை இல்லாமலே நூற்றுக்கணக்கில் முட்டையிடும் பூச்சி இது.

செடியிடம் இன்னோர் உபாயமும் உண்டு: வாசனையால் எழுப்பும் கூப்பாடு. பூச்சி மொய்த்த மரவள்ளியின் வாடையை ‘அனகைரஸ் லோபெசி’ என்ற மிகச் சிறிய குளவி நாடி வருகிறது. பூச்சியே இல்லாத இலைகூட, பக்கத்துக் கிளை தாக்கப்பட்டிருந்தால் குளவியை ஈர்ப்பதைச் சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். வந்த குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். புழு உள்ளிருந்தே அதைத் தின்று வளரும்.

மரவள்ளி, மாவுப்பூச்சி, குளவி மூன்றுக்கும் தாய்வீடு தென் அமெரிக்கா. செடி முன்பே கடல் கடந்தது. வெகுகாலம் கழித்துப் பூச்சியும் வந்தது. குளவி மட்டும் வரவில்லை. கூப்பாடு கேட்கும் காது அங்கேயே தங்கிவிட்டது. 1970களில் ஆப்பிரிக்காவின் மரவள்ளி பெருமளவில் அழிந்தது இப்படித்தான். 1981இல் பராகுவேயில் குளவியைக் கண்டெடுத்து ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். அந்தப் பணியை முன்னின்று நடத்திய ஹான்ஸ் ஹெரன் 1995இல் உலக உணவுப் பரிசு பெற்றார்.

2020இல் கேரளத்தில் தென்பட்ட அதே மாவுப்பூச்சி சேலம், நாமக்கல் காடுகளுக்கும் பரவியது. பெனின் நாட்டிலிருந்து குளவியைத் தருவித்து வளர்த்து, 2022இல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் பறக்கவிட்டார்கள்.

மெழுகு போர்த்துக்கொண்டு கொழுந்துக்குள் ஒளிந்திருக்கும் மாவுப்பூச்சியை மருந்து எளிதில் எட்டாது. வெளியே பறக்கும் குளவியை எட்டிவிடும். மருந்துத் தெளிப்பானைத் தூக்குமுன் கொழுந்தைப் பிரித்துப் பாருங்கள். மாவுப்பூச்சிகள் உப்பிப் பழுப்பாகிக் கெட்டிப்பட்டிருந்தால், செடி கூப்பிட்ட ஆள் ஏற்கெனவே வந்துவிட்டார்.